வீங்கிய உடம்பு, வற்றிய இரத்தம்: நெப்ரோட்டிக் பிள்ளைகளுக்கு வரும் இரத்த உறைவு

கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் "பிள்ளைக்குச் சிறுநீரக நோய்" என்று சொன்னால், கேட்பவர்களின் மனம் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குத்தான் போகும். ஒன்று, மெதவாச்சி, பதவியா பக்கத்து விவசாயிகளை ஆண்டுக்கணக்காக வாட்டிவரும், காரணம் இன்னும் முழுதாகத் துலங்காத சிறுநீரக நோய். மற்றது டயாலிசிஸ் இயந்திரம். ஆனால் பொரளை சிறுவர் வைத்தியசாலையின் சிறுநீரக கிளினிக்குக்கு முகம் ஊதிய சிறுபிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரில் பலருக்குச் சொல்லப்படும் நோய் இந்த இரண்டுமல்ல. காலையில் எழும்பும்போது கண்மடல் வீங்கியிருக்கும். மாலையில் பாடசாலையால் வந்து காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமான தடம் பதிந்திருக்கும். இரத்தத்தைச் சோதித்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினின் அளவு அநேகமாகச் சரியாகவே இருக்கும். "கிட்னி நல்லா வேலை செய்யுது" என்ற வார்த்தையைக் கேட்டதும் பெற்றோருக்குப் பாதி உயிர் திரும்பி வரும்.

அந்த நிம்மதி நியாயமானது. ஆனாலும் கழிவகற்றும் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும் சிறுநீரகத்தோடு கூடவே வரக்கூடிய ஓர் ஆபத்து உண்டு. அது இரத்தக் குழாய்க்குள்ளேயே இரத்தம் உறைந்துபோவது. வீக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் அமுக்கிப் பார்க்கலாம்; உறைவு அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பதால் கிளினிக் பேச்சில் அது கடைசி இடத்தையே பெறுகிறது.

நோயின் பெயர் நெப்ரோட்டிக் சின்ட்ரோம். சிறுநீரகத்தின் நுண்வடிகள், தண்ணீரையும் உப்பையும் யூரியாவையும் போகவிட்டு, புரதத்தை மட்டும் மறித்து வைத்துக்கொள்ள வேண்டியவை. அந்த மறிப்பு கெட்டுப்போகும்போது அல்புமின் என்ற புரதம் சலத்தோடு கொட்டுகிறது. இரத்தத்தில் அது ஒரு டெசிலீற்றருக்கு 3 கிராமுக்குக் கீழே இறங்கி, கடுமையான வேளைகளில் 2 கிராமையும் தொடாமல் நின்றுவிடும். உலக அளவில் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் ஏறத்தாழ 2 முதல் 7 பேருக்கு இது புதிதாக வருகிறது. தென்னாசிய வம்சத்துப் பிள்ளைகளிடம் சற்று அதிகம். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கும். சிறு வயதில் ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ இரு மடங்கு. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரைக்கு நாலு வாரத்துக்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் அடங்கியது திரும்ப வரும். சிலருக்கு வருடத்தில் மூன்று நாலு தடவை கூட வரும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் ஆபத்து, அப்படித் திரும்பி வரும் நாட்களோடு ஒட்டியது.

கொட்டாஞ்சேனையில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு தாய், காலையில் தேத்தண்ணிக்கு முன்னர் செய்கிற முதல் வேலை மகனின் முதற்சலத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, மேற்பாதியை அடுப்புச் சுவாலையில் காட்டுவதுதான். கலங்கினால் இரண்டு துளி வினாகிரி விடுவார். கலங்கல் தெளிந்துவிட்டால் அது வெறும் உப்பு. தெளியாமல் நின்றால் புரதம். "முட்டை வெள்ளைக்கரு அவியிற மாதிரித் திரளும்" என்று அவர் சொன்னபோது, அல்புமின் என்ற பெயரே முட்டையின் வெள்ளைக்கருவுக்கான இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பார்த்தது சரி. சலத்தில் தோய்த்துப் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கக் காசு இருக்கும் மாதங்களில் ஸ்ட்ரிப், இல்லாவிட்டால் குழாய். இரண்டிலும் வருவதை அவர் ஒரு மோனிட்டர் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறார். புரதம் கூடக் கூட பிளஸ் குறியும் கூடும்; மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் என்றால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. அந்தக் கொப்பியின் அருமை பிறகு தெரியும்.

இனி இரத்தம் ஏன் உறைகிறது என்ற கேள்விக்கு வரலாம். நம் இரத்தத்தில் உறையச் செய்யும் பொருட்களும் உறையாமல் தடுக்கும் பொருட்களும் எந்நேரமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தடுக்கும் பக்கத்தில் முதன்மையானது அன்டித்ரொம்பின் என்ற புரதம். அதன் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 58,000, அல்புமினுடையது 66,000. ஆக, அல்புமின் நழுவும் ஓட்டையால் அன்டித்ரொம்பின் தாராளமாக நழுவிப் போகிறது. உறைவைத் தடுக்கும் புரதம் எஸ் என்பதன் செயற்படும் பகுதியும் அதே வழியில் கரைகிறது. மறுபக்கத்தில் உறைவின் நாரைப் பின்னும் பைப்ரினோஜன் 3,40,000 எடையுள்ள பெரிய மூலக்கூறு. அந்த ஓட்டையால் அது போகாது. இதற்கிடையில், புரதம் குறைந்ததைக் கண்ட ஈரல் ஈடுகட்டப் புறப்படுகிறது. ஆனால் எது குறைந்தது என்று பிரித்துப் பார்த்து அது வேலை செய்வதில்லை. எல்லாப் புரதத்தையும் சேர்த்தே கூட்டுகிறது: அல்புமினோடு பைப்ரினோஜனும், ஐந்தாம், எட்டாம் உறைவுக் காரணிகளும், கொழுப்பும் கூடுகின்றன. கூடிய அல்புமின் சலத்தில் போய்விட, கூடிய பைப்ரினோஜன் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இரத்தத் தட்டுகளும் எண்ணிக்கையில் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டும் குணமும் மிஞ்சுகிறது. வண்டியின் பிரேக் தேயத் தேய, அக்சிலரேட்டரும் தானாக அமுங்குகிற நிலை இது.

இதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது. பெற்றோருக்கு விளங்கப்படுத்துவது கடினமானதும் இதுதான். பிள்ளையின் உடம்பெல்லாம் நீர். வயிறு பானை போல் நிற்கிறது. ஆனால் இரத்தக் குழாய்க்குள்ளே நீர் தட்டுப்பாடாக இருக்கலாம். நீரைக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பது அல்புமின். அது போனதும் நீர் சதைக்கும் தோலுக்கும் இடையில் கசிந்து விடுகிறது. குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் தடிக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நடப்பதில்லை, சிலருக்கு உப்பு தேங்குவதால் குழாயிலும் நீர் நிறைந்தே இருக்கும். எந்தப் பிள்ளை எந்த வகை என்பதை வைத்தியர் நாடி, இரத்த அழுத்தம், கை கால் சூடு, ஹீமற்றோகிறிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஆகியவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீக்கத்தை மட்டும் பார்த்து நீர் வற்ற வைக்க முனைவது அதனால்தான் பிழைக்கிறது. நீரிறக்கும் மாத்திரையை முன்பு தந்த துண்டை வைத்துக்கொண்டு பாமசியில் தாமாகவே வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பொல்பலா, நீர்முள்ளி அவித்துக் குடிக்கக் கொடுப்பது கொழும்பில் சிங்கள, தமிழ், முஸ்லிம் வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பழக்கம். பெரியவர்களின் நீர்க்கடுப்புக்கு அது எப்படியோ போகட்டும், அல்புமின் 2 கிராமுக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்குச் சலத்தைக் கூட்டும் எந்தக் கஷாயமும் தடித்த இரத்தத்தை இன்னும் தடிக்க வைக்கக்கூடியது. அந்த நாட்களில் வயிற்றோட்டமோ சத்தியோ சேர்ந்துகொண்டால் நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும். "நோய்காரப் பிள்ளை, ஓடித் திரியாதே" என்று கட்டிலோடு கிடத்தி வைப்பதும் அன்பால் செய்கிற தவறுதான். அசையாத காலில் இரத்தம் தேங்கும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. சலத்தில் புரதம் போகும் நோயாளிகளின் சிறுநீரக நாளத்தில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், உறைவு இருப்பதை, பிரெஞ்சு வைத்தியர் ரேயே 1840 இலேயே எழுதி வைத்தார். வளர்ந்தவர்களில் நெப்ரோட்டிக் நோயுள்ள நாலு பேரில் ஒருவருக்கு அளவில் இது வருகிறது. பிள்ளைகளிடம் குறைவு; வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு நூற்றுக்கு மூன்று. ஆனால் 2009 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 326 பிள்ளைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது 9.2 வீதமானோருக்கு ஒரு தடவையாவது உறைவு ஏற்பட்டிருந்தது. அது பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கணக்கு என்பதால், சாதாரணமாக மாத்திரைக்கு அடங்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு அதே வீதத்தைப் பொருத்துவது சரியல்ல. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப்பட்டவை வேறு: நோய் கண்டுபிடித்து ஏறத்தாழ 70 நாள் என்பதே முதல் உறைவு வந்த நடுப்புள்ளி, நோய் தொடங்கிய வயது 12 ஐத் தாண்டியிருந்தால் ஆபத்து கூடியது, சலத்தில் புரதம் எவ்வளவு கூடப் போனதோ அவ்வளவுக்கு உறைவும் கூடியது, காலில் அல்லது கையில் ஆழ் நாளத்தில் உறைந்தவர்களில் பலருக்கு அந்த நாளத்தில் மருத்துவக் குழாய் ஒன்று செருகப்பட்டிருந்தது. பதின்ம வயதில் வரும் நெப்ரோட்டிக் சிறு பிள்ளைகளின் நோயைப் போல் அநேகமாக இலகுவானதாக இருப்பதில்லை. நுண்வடியின் சவ்வு தடிக்கும் வகையோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயின் விளைவோ அதன் பின்னால் இருக்கலாம். லூபஸோடு சிலருக்கு உறைவைத் தூண்டும் எதிர்ப்பொருளும் இரத்தத்தில் சேர்ந்திருக்கும்.

உறைவு எங்கே விழும்? காலில் விழுந்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் நெப்ரோட்டிக் வீக்கம் இரு காலுக்கும் சமம். ஒரு கால் மட்டும் மற்றதைவிடப் பருத்து, நோகத் தொடங்கினால் அது நோயின் வீக்கமல்ல. தையல் நாடாவால் முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் இரு காலையும் அளந்து கொப்பியில் எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். சிறுநீரக நாளத்தில் விழுந்தால் விலாப் பக்கம் நோவும், சலம் தேயிலைச் சாய நிறத்திலோ சிவப்பாகவோ போகும். நுரையீரலில் விழுவது சில வேளை சத்தமேயில்லாமல் நடக்கும். அறிகுறி எதுவும் சொல்லாத பிள்ளைகளை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில்கூட நுரையீரலில் பழைய அடைப்பின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மூச்சு வாங்கினால் "வயிறு வீங்கினதாலதான்" என்ற விளக்கம் உடனே கைக்கு வந்துவிடுவதால் உண்மைக் காரணம் தள்ளிப்போகிறது.

நான் கூடுதலாகச் சொல்ல விரும்புவது மூளையைப் பற்றி. மூளையிலிருந்து இரத்தம் வடியும் பெரிய நாளங்களில், உச்சந்தலையின் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் ஒன்றுதான் இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் அடைபடுவது. வடிகால் அடைபட்டால் மண்டைக்குள் அமுக்கம் ஏறும். முதலில் தலையிடி, பிறகு சத்தி, பிறகு ஒரு சோர்வு, நித்திரை மயக்கம், சில பிள்ளைகள் ஒரு பொருளை இரண்டாகக் காண்பதாகச் சொல்லுவார்கள், ஒரு கண் உள்ளே திரும்பி நிற்கும், கடைசியில் வலிப்பு. இதில் முதல் மூன்றுக்கும் வேறு நியாயம் சொல்வது மிகச் சுலபம். சத்தி பிரெட்னிசொலோன் வயிற்றைக் கிளறியதால், சோர்வு சாப்பிடாததால், தலையிடி ரீவி பார்த்ததால். பிரெட்னிசொலோனால் இரத்த அழுத்தம் ஏறியும் தலையிடி வரலாம், ஆகவே அழுத்தத்தையும் அளக்கத்தான் வேண்டும். ஆனால் சலத்தில் மூன்று பிளஸ் நிற்கும் ஒரு பிள்ளை இரண்டாம் நாளும் தலையிடிக்கிறது என்று சொன்னால், சத்தியும் சேர்ந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. இரவானால் 1990 ஐ அழைத்து அம்புலன்சில் ஏற்றவேண்டிய விஷயம் இது.

இங்கே மொழி ஒரு வேலை செய்கிறது. கொழும்பு வார்ட்டுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் சிங்களம். இரத்த உறைவைச் சிங்களத்தில் "லே கெட்டி" என்று வைத்தியர் சொல்வதை, கூட நிற்கும் யாரோ ஒருவர் "இரத்தக் கட்டி" என்று மாற்றித் தருவார். தமிழில் "மூளையில் கட்டி" என்றால் அதன் பொருள் வேறு. வெளியே காத்திருக்கும் அப்பம்மாவுக்கு அது புற்றுநோயாகவே போய்ச் சேர்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இரண்டு நாள் அப்படி அழுதிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுவதும் "உறைவு" என்ற சொல்லை நான் பிடிவாதமாகப் பயன்படுத்துவதற்குக் காரணம் அதுதான். திரும்பும் திசையிலும் இதே சிக்கல் உண்டு. "தலை ஒரு மாதிரி இருக்காம்" என்று தாய் சொன்னால், அது தலைச்சுற்றா, தலையிடியா என்று மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தெரிவு செய்துவிடுகிறார். எப்போது தொடங்கியது, படுத்தால் கூடுகிறதா, விடியற்காலையில் கூடவா என்பதைப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதிக்கொண்டு போனால், அந்தத் தெரிவை மற்றவர் கையில் விட வேண்டியதில்லை. திகதி போட்ட அந்தக் கொப்பியை எந்த மொழி பேசும் வைத்தியரும் ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம்: எத்தனை நாளாய் மூன்று பிளஸ், நிறை எவ்வளவு, எந்தக் கால் பருத்தது.

கண்டுபிடிப்பதற்குக் காலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்கும் மூளைக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ. சாதாரண சிடி ஸ்கேனில் மூளை நாளத்து உறைவு தெரியாமல் தப்பிவிடக்கூடும். நாளத்தைத் தனியே காட்டும் படம் வேண்டும். "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை" என்ற பின்னரும் பிள்ளையின் தலையிடி நிற்காவிட்டால், எந்த வகை ஸ்கேன் என்று கேட்பது பெற்றோரின் அதிகப்பிரசங்கித்தனமாகாது.

சிகிச்சை ஹெப்பரினில் தொடங்குகிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஹெப்பரின் தானாக உறைவைத் தடுப்பதில்லை. இரத்தத்திலுள்ள அன்டித்ரொம்பினைப் பிடித்து அதன் வேகத்தைப் பல நூறு மடங்கு கூட்டிவிடுவதுதான் அதன் வேலை. நெப்ரோட்டிக் பிள்ளையின் அன்டித்ரொம்பினோ ஏற்கெனவே சலத்தில் போய்விட்டது. ஓட்டுநர் இல்லாத வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் என்ன? அதனால்தான் வழக்கமான அளவு சில பிள்ளைகளுக்குப் பலிக்காமல், அளவைக் கூட்டவோ, பிளாஸ்மா ஏற்றி அன்டித்ரொம்பினை நிரப்பவோ நேர்கிறது. தோலுக்குக் கீழே நாளுக்கு இரண்டு தடவை போடும் எனொக்ஸாபரின் ஊசி, வீட்டுக்குப் போன பின்னரும் தொடரக்கூடியது என்பதால் அதிகம் பயன்படுகிறது. தாய்மாருக்கு வார்ட்டிலேயே தாதியர் பழக்கிவிடுகிறார்கள். அது சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறும் மருந்து, ஆகவே கிரியேட்டினின் ஏறிய பிள்ளைக்கு அளவை மாற்ற வேண்டும்.

நீண்ட நாளுக்கு என்றால் வார்ஃபரின் மாத்திரை. இரத்தத்தில் அதன் 99 வீதமும் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு திரிவது. அல்புமின் ஏறி இறங்கும் பிள்ளையில் அதன் பலமும் ஏறி இறங்கும். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவை 2 க்கும் 3 க்கும் இடையில் பிடித்து வைக்கவே அடிக்கடி இரத்தம் எடுக்க நேர்கிறது. கீரை பற்றிய பயம் வீடுகளில் தேவைக்கு மேல் இருக்கிறது. முருங்கையிலையிலும் வல்லாரைச் சம்பலிலும் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினை எதிர்ப்பது உண்மை. அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கிழமை நாளும் பொழுதும் கீரை, அடுத்த கிழமை ஒன்றுமேயில்லை என்ற ஏற்றத்தாழ்வுதான் ஐஎன்ஆரைக் குழப்புகிறது. ரிவரொக்ஸபான், டபிகட்ரான் ஆகிய புதிய மாத்திரைகளுக்குப் பிள்ளைகளில் பயன்படுத்த அமெரிக்காவில் 2021 இல் அனுமதி கிடைத்தது. ரிவரொக்ஸபானும் அல்புமினோடு ஒட்டுவதே. புரதம் கொட்டும் பிள்ளையின் உடம்பில் அதன் அளவு எப்படி நிற்கும் என்பதில் வைத்தியர்கள் இன்னும் கவனமாகவே இருக்கிறார்கள். உறைவு வந்த பிள்ளைக்கு மருந்து குறைந்தது மூன்று மாதம். அதற்குள் நோய் அடங்காவிட்டால் அடங்கும்வரை.

அப்படியானால் எல்லா நெப்ரோட்டிக் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே ஊசி போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நூறு பேரில் தொண்ணூற்றேழு பேருக்கு வரப்போகாத உறைவுக்காக நூறு பேரையும் இரத்தக் கசிவு ஆபத்தில் தள்ளுவது நியாயமாகாது. ஓடி விழுந்து முழங்கால் உடைக்கும் வயது அது. முன்பு ஒரு தடவை உறைவு வந்தவர்கள், பெரிய நாளத்தில் குழாய் உள்ளவர்கள், பரம்பரையாக உறையும் தன்மை உள்ளவர்கள், அல்புமின் மிக இறங்கிய நிலையில் வேறு நோயோடு வார்ட்டில் கிடப்பவர்கள் என்று தெரிந்தெடுத்துத்தான் யோசிக்கிறார்கள். மற்றவர்களுக்குக் காப்பு சாதாரண விஷயங்களில் இருக்கிறது: நோயை மாத்திரையால் விரைவாக அடக்குவது, பிள்ளையை நடமாட விடுவது, வயிற்றோட்டம் என்றால் தாமதிக்காமல் காட்டுவது, அத்தியாவசியம் இல்லாமல் பெரிய நாளத்தில் குழாய் போடாமல் இருப்பது. தொடை இடுக்கில் குத்தி இரத்தம் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்வதும் இதனாலேயே. அங்கே நாளமும், காலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடியும் ஒட்டி ஓடுவதால் தவறி நாடியில் குத்துப்பட்டு உறைந்தால் கால் முழுவதும் ஆபத்துக்கு உள்ளாகும்.

கொழும்புக்கென்று ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, அது டெங்கு. மே தொடங்கி ஜூலை வரையும், ஆண்டு முடிவு மழையோடும் காய்ச்சல் வார்ட்டுகள் நிரம்பும் நகரம் இது. டெங்கில் இரத்தத் தட்டு இறங்கும், குழாயிலிருந்து நீர் கசியும், ஹீமற்றோகிறிட் ஏறும், அல்புமின் குறையும், வயிற்றில் நீர் சேரும். இவற்றில் பாதி நெப்ரோட்டிக் பிள்ளையிடம் காய்ச்சலுக்கு முன்னரே இருப்பவை. பழைய அளவு தெரியாத வைத்தியர் எது டெங்கு, எது பழைய நோய் என்று பிரிக்கத் திண்டாடுவார். அதைவிட, எனொக்ஸாபரினோ வார்ஃபரினோ எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தட்டு இறங்கத் தொடங்கினால் இரத்தம் கசியும் ஆபத்து திடீரென்று முன்னுக்கு வந்துவிடும்; மருந்தை நிறுத்துவதா, குறைப்பதா என்பதை அன்றன்றைய எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காய்ச்சலின் முதல் நாளே கிளினிக் கொப்பியோடு போய், பிள்ளை இரத்தம் உறையாமல் மருந்து எடுக்கிறது என்பதை முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் தவிர ஐபுபுரொபன், மெஃபனமிக் அமிலம் போன்றவை ஆகாது. அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், கசிவையும் கூட்டும்.

உறைவு ஒரு தடவை வந்த பிள்ளையின் கதை மாத்திரையோடு முடிந்துவிடுவதில்லை. நெப்ரோட்டிக் திரும்பி, அல்புமின் மீண்டும் இறங்கும்போது, வீக்கத்துக்கான பிரெட்னிசொலோனோடு சேர்த்து ஊசியையும் மறுபடி தொடங்க வேண்டுமா என்ற கேள்வி அன்றே எழும். கொட்டாஞ்சேனைத் தாயின் கொப்பியின் முதற்பக்கத்தில் இப்போது மகனின் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் மூன்று மொழியிலும் ஒரு வரி இருக்கிறது: 'மூளை நாளத்தில் முன்பு உறைவு வந்த பிள்ளை'. சிங்கள வரியை எழுதித் தந்தது பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா.